திரும்பி வந்தவருக்கு நாம் தரவேண்டியது

போரில் விழுந்தவனை நினைவில் வைத்துக்கொள்ளத் தமிழ் மரபுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவனுக்குக் கல் நட்டது, பூச் சூட்டியது, படையல் இட்டது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் அந்த மனிதர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் எந்தச் சண்டையில் மாண்டார்கள் என்பதையும் இன்றும் சொல்கின்றன. விழாமல் திரும்பி வந்தவனை என்ன செய்வது என்பதுதான் இதைவிடக் கடினமான கேள்வி. அதையும் பழந்தமிழர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். உள்ளே புண்பட்ட வீரன் கிடக்கிறான். அவன் மனைவி தோழியைத் துணைக்கு அழைக்கிறாள். வீட்டின் இறைவாரத்தில் வேப்பந்தழையும் இரவமரத் தழையும் செருகுகிறார்கள். யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்கடுகு தூவி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, வீடு முழுக்க நறும்புகை போடுகிறார்கள். களத்தில் தப்பியவனை அதற்குப் பிறகு ஏதோ ஒன்று வந்து தீண்டிவிடும் என்ற அச்சம் அந்தச் சடங்கில் இருக்கிறது. சண்டை முடிந்தாலும் ஆபத்து முடிவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காயம்பட்டவனைச் சுற்றி விழித்திருக்க மனிதர் வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

தொல்காப்பியம் இன்னொரு மனிதனையும் தனியே எண்ணுகிறது. காக்கச் சுற்றம் இல்லாமல் புண்ணோடு கிடப்பவன் அவன். அவனுக்குக் காவலாக நிற்பது பேய்.

உலகப் போர்களிலிருந்து வீடு திரும்பிய பெரும்பாலோர் இந்த இரண்டாம் மனிதனின் நிலையில்தான் விடப்பட்டார்கள். அவர்களில் மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்று கடந்த நூறாண்டுக்கு மேலான வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு செய்தி மறுபடி மறுபடி தெரியவருகிறது. மனத்தின் காயம் ஆற மருத்துவம் வேண்டும். சொல்வதைக் கேட்கும் செவி வேண்டும். இவற்றோடு, ‘என்னை நம்பி இன்னொருவர் இருக்கிறார்’ என்று அந்த மனிதர் உணரும்படியான ஒரு பொறுப்பும் வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் அரசுகளும் சமூகங்களும் எப்போதும் கடைசியாக நினைக்கின்றன.

போரின் மனக்காயத்தை மருத்துவம் முதலில் உடம்பின் நோயாகவே பார்த்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், படபடப்பும் மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியுமாக வந்த படைவீரர்களை ஆராய்ந்து 1871இல் எழுதினார். இதயத்தில் ஏதோ கோளாறு என்பதே அவர் கணிப்பு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் மாதக்கணக்கில் பீரங்கிக் குண்டுவீச்சைத் தாங்கிய இளைஞர்கள் பேச்சிழந்தார்கள், பார்வை இழந்தார்கள், கைகால் நடுங்க நின்றார்கள். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. 1915இல் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் பரவியது. படைத் தலைமைக்கோ அது கோழைத்தனமாகவே தோன்றியது. கோழைத்தனம், களத்தை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் படை சுட்டுக்கொன்ற தன் வீரர்களில் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டில்தான் சட்டம் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் மனம் உடைந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இனி யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. பிள்ளைகளும் கிழவர்களாகி மறைந்த பின் வந்த மன்னிப்பு அது.

அந்த இருட்டில் வெளிச்சம் காட்டிய ஒருவருக்கு நம் நீலகிரியோடு உறவு உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். குடும்பம் குடும்பமாக அமர்ந்து, யாருக்கு யார் என்ன உறவு, யார் எப்போது இறந்தார், எந்தச் சடங்கு எப்படி நடந்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ‘தோடர்கள்’ என்ற அவரது பெருநூல் 1906இல் வெளியானது. பத்தாண்டு கழித்து, எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அவர் ராணுவ மருத்துவராக இருந்தார். இரவில் தூங்க முடியாத அதிகாரிகள் அவரிடம் வந்தார்கள். ‘நடந்ததை மறந்துவிடு, நல்லதை நினை’ என்பதே அன்று எல்லோரும் சொன்ன அறிவுரை. ரிவர்ஸ் நேர்மாறாகச் செய்தார். மறைக்காமல் பேசச் சொன்னார். அடக்கிவைக்கும் நினைவுதான் கனவாகவும் நடுக்கமாகவும் திரும்பி வருகிறது என்று 1918இல் எழுதினார். தோடர் குடும்பங்களிடம் பொறுமையாகக் கேட்டுப் பழகிய காது, உடைந்த வீரர்களிடமும் அவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அதே மருத்துவமனையில் ஆர்தர் பிராக் என்ற இன்னொரு மருத்துவர் இருந்தார். போர் ஒரு மனிதனை அவன் சூழலிலிருந்தே பெயர்த்து எடுத்துவிடுகிறது, சிறுசிறு வேலைகள் வழியாகத்தான் அவனை மீண்டும் அதில் ஊன்ற முடியும் என்பது அவர் கருத்து. அவரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்பிரட் ஓவனை மருத்துவமனை இதழுக்கு ஆசிரியராக்கினார். பக்கத்துப் பள்ளியில் பாடம் நடத்த அனுப்பினார். ஓவன் தேறினார், எழுதினார். தேறியதாலேயே களத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார்.

அந்தக் கால மனமருத்துவத்தின் பெருமையும் கொடுமையும் இந்த ஒரு வாழ்க்கையில் சேர்ந்தே இருக்கின்றன. மனிதனை மீட்கும் வழி அவர்களுக்குப் புலப்பட்டுவிட்டது. ஆனால் மீட்டது மீண்டும் சண்டைக்கு அனுப்புவதற்காக. பேச்சும் தோட்டமும் பள்ளிக்கூடமும் அதிகாரிகளுக்கே கிடைத்தன. சாதாரணச் சிப்பாய்களில் பலருக்குக் கிடைத்தது தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைக்கும் சிகிச்சை. பிரான்சின் சேற்றில் நின்ற இந்தியச் சிப்பாயிடம் அவன் மொழியில் அமர்ந்து கேட்க ரிவர்ஸ் போன்ற ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை. தணிக்கை அதிகாரிகள் படித்துப் படியெடுத்து வைத்த கடிதங்களில்தான் அந்த மனிதர்களின் குரல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

பொறுப்பு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு கிளூத்தா மெக்கன்சியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. நியூசிலாந்துக்காரர். 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போரில் இரு கண்களையும் இழந்தார். வயது இருபதுதான். லண்டனில் அவரை ஏற்றுக்கொண்டது செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லம். அதை நிறுவிய ஆர்தர் பியர்சன் ஒரு நாளிதழ் முதலாளி, அவரும் பார்வையை இழந்தவர். அங்கே வந்த பார்வையிழந்த வீரர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டுக் கேட்கச் சொல்லவில்லை. பிரெய்ல், தட்டச்சு, தொலைபேசி இணைப்பகப் பணி, உடல்பிடித்துவிடும் மருத்துவம், கோழி வளர்ப்பு, கூடை முடைதல் என்று ஆளுக்கொரு தொழில் கற்பித்தார்கள். கற்பித்தவர்களிலும் பலர் பார்வையற்றவர்கள். மெக்கன்சி அங்கே எழுந்து நின்றார். நியூசிலாந்துப் படையினருக்கான இதழை நடத்தினார். நாடு திரும்பிப் பார்வையற்றோர் நிறுவனம் ஒன்றின் தலைவரானார்.

இரண்டாம் உலகப் போர் அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது. அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். கண்ணிழந்து திரும்பிய இந்திய வீரர்களுக்காக 1943இல் தேராதூனில் ஓர் இல்லம் தொடங்கியது. அதற்கும் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்றே பெயர். அதை நடத்தியவர் மெக்கன்சி. அந்த வீரர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது, இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெய்ல் முறையே இல்லை என்ற சிக்கல் எதிரே வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு முறை இருந்தது. பின்னர் யுனெஸ்கோவின் துணையோடு நடந்த பணியில் அவர் முன்னின்றார். 1951இல் பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. தமிழின் பிரெய்ல் எழுத்துகளும் அந்தப் பொது ஒழுங்கில் அமைந்தவையே. தேராதூன் இல்லம் வளர்ந்து இன்று பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமாக நிற்கிறது. அதன் மண்டல மையம் ஒன்று சென்னைப் பூந்தமல்லியில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் விரலால் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்த வழியில், கலிப்போலியில் கண்ணிழந்த ஒரு சிப்பாயின் உழைப்பும் இருக்கிறது. இதை நம் பாடநூல்கள் சொல்ல வேண்டும்.

தண்டுவடம் முறிந்தவர்களின் கதையும் இதற்கு இணையானது. இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை இடுப்புக்குக் கீழே செயலிழந்த வீரர்களைச் சாகப்போகிறவர்களாகவே மருத்துவமனைகள் நடத்தின. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த்தொற்றும் பெரும்பாலோரைச் சில மாதங்களில் கொண்டுபோயின. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார், இரவிலும் தவறாமல். புண் ஆறியது, உயிர் தங்கியது. வாழ்ந்து என்ன செய்வது என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது. குட்மன் அவர்களைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பினார், விளையாட வைத்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே, முன்னாள் படையினர் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த மருத்துவமனை வளாகத்தில் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். அதுதான் 1960இல் ரோமில் பாராலிம்பிக் ஆனது.

அந்த வழியில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவரும் ஒரு படைவீரரே. முரளிகாந்த் பெட்கர் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக்காரர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 இந்தியா–பாகிஸ்தான் போரில் பல குண்டுகள் அவர் உடம்பில் பாய்ந்தன. ஒன்று முதுகெலும்பில் தங்கியது. உடற்பயிற்சிக்காகத் தொடங்கிய நீச்சலில் அவர் 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 நொடியில் கடந்து தங்கம் வென்றார். நாடு அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தது 2018இல். 46 ஆண்டுகள்! பெட்கர் தன் பங்கைச் செய்து முடித்து அரை நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் நாம் விழித்துக்கொண்டோம். இன்று நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. புணே கிர்க்கியில் ராணுவம் மாற்றுத்திறன் வீரர்களுக்கெனப் பயிற்சி மையம் வைத்திருக்கிறது. 2002இல் கண்ணிவெடியில் காலை இழந்த நாகாலாந்து வீரர் ஹொகாட்டோ ஹொடோழே சேமா, முப்பது வயதைக் கடந்த பிறகு குண்டு எறிதலைக் கற்று, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

ஆனால் பதக்கக் கதைகளோடு நின்றுவிட்டால் நாம் பெரிய பிழை செய்கிறோம். எல்லாரும் நீந்த முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து விழித்துக்கொள்ளும் ஒரு முன்னாள் ஹவில்தாருக்கு, பட்டாசுச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் போய்விடும் ஒரு மனிதருக்கு, ‘அவரைப் பார், இவரைப் பார்’ என்று சாதனையாளரைக் காட்டுவது இன்னொரு தண்டனை. மனத்திடம் இருந்தால் மீண்டுவிடலாம் என்பது உண்மையானால் ராணுவத்தினர் எவருமே நோயுறக் கூடாது. திடமானவர்களைத் தேடித்தான் ராணுவம் எடுக்கிறது. காயம் அந்த மனிதரின் குணக்குறை இல்லை. தனி ஒருவர் தன் முயற்சியால் மட்டும் ஆற்றிக்கொள்ளக்கூடியதும் இல்லை.

அமெரிக்கா இதை இரண்டு முறை பாடமாகப் படித்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் தமக்கு வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையை உடனே தரும்படி, பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவே 1932இல் வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கினார்கள். கண்ணீர்ப்புகை வீசி விரட்டப்பட்டார்கள். குடிசைகள் எரிந்தன. தன் வீரர்களைத் தன் படையைக் கொண்டே விரட்டிய அவமானம் அந்த நாட்டின் மனச்சான்றில் தங்கியது. 12 ஆண்டு கழித்து 1944இல், போர் முடியும் முன்பே, படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. கல்லூரிக் கட்டணம், தொழிற்பயிற்சி, வீட்டுக்கடன் என எல்லாவற்றுக்கும் அதில் வழி இருந்தது. ஏறத்தாழ 78 லட்சம் பேர் அதன்மூலம் படித்தார்கள் அல்லது தொழில் கற்றார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன் பொறியாளரானான். அந்தத் தலைமுறையின் நடுத்தர வர்க்கத்தையே அந்தச் சட்டம் உருவாக்கியது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்குக் கடனும் கல்லூரி வாசலும் பெருமளவு மறுக்கப்பட்டன. ஒரே போரில் ஒரே சீருடையில் நின்றவர்களை ஊர் திரும்பியதும் நிறம் பிரித்தது. நல்ல சட்டமும் சமூகத்தின் பழைய அநீதியின் வழியாகத்தான் பாய வேண்டியிருக்கிறது என்பதை நம் சாதிச் சமூகத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது பாடம் வியட்நாம். அந்தப் போரிலிருந்து வந்தவர்கள் கூட்டமாகக் கப்பலில் வரவில்லை. தனித்தனியாக விமானத்தில், காட்டிலிருந்து இரண்டே நாளில் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். போரை வெறுத்த நாடு அவர்களையும் சேர்த்து வெறுத்தது. மருத்துவமனைகள் அவர்களின் நோயைப் போரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 1970இல் நியூயார்க்கில் வீரர்கள் தாங்களாகவே வட்டமாக அமர்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷட்டன் என்ற மனமருத்துவர்கள் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டார்கள். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1980இல் பி.டி.எஸ்.டி. என்னும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க மனமருத்துவக் கையேட்டில் நோயாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே வீரர்களுக்கான ஆலோசனை மையங்கள், மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, கடைத்தெருக்களில் திறக்கப்பட்டன. ஆலோசகர்களில் பலர் வியட்நாமில் இருந்து வந்தவர்கள். பின்னர் நடந்த தேசிய ஆய்வு, வியட்நாமில் இருந்த ஆண்களில் சுமார் 30 விழுக்காட்டினரை வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த நோய் பிடித்திருந்தது என்று காட்டியது. வீரர்கள் கூடிப் பேசியிராவிட்டால் அந்த நோய்க்கு மருத்துவ நூலில் இடம் கிடைத்திருக்காது.

பேச்சோடு பொறுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்க வீரர்களே காட்டினார்கள். 2010இல் ஹைதி நிலநடுக்கத்தின்போது ஜேக் வுட், வில்லியம் மெக்நல்ட்டி என்ற முன்னாள் மெரைன் வீரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு உதவிக்குப் போனார்கள். இடிபாடு, ஒழுங்கற்ற சூழல், அரைகுறைத் தகவலோடு முடிவெடுப்பது எல்லாம் அவர்களுக்குப் பழகியவை. டீம் ரூபிகான் என்ற அமைப்பு அதிலிருந்து பிறந்தது. அங்கே சேவை செய்த கிளே ஹன்ட் என்ற இளம் வீரர் 2011இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் பெயரில் 2015இல் படைவீரர் தற்கொலைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்த அமைப்பின் பிறப்பையும் ஹன்ட்டின் மரணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புதிய நோக்கம் ஒரு மனிதரை உயிர்ப்பிக்கும். ஆனால் சிகிச்சை வேண்டிய இடத்தில் சேவையை மட்டும் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நம் பக்கம் திரும்புவோம். இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறியது. சுமார் 1,200 வீரர்களை அது அங்கே இழந்திருந்தது. சென்னைத் துறைமுகத்தில் அவர்கள் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தமிழர் அந்தப் படையிடம் பட்ட துயரம் அதற்குக் காரணமாக இருந்தது. அந்தத் துயரம் உண்மை. யாழ்ப்பாணத்தில் வீடிழந்தவர்களும் உறவிழந்தவர்களும் இன்றும் சாட்சி. புரியாத ஒரு போருக்கு அனுப்பப்பட்டு, நண்பனின் உடலைச் சுமந்து, எதற்காகப் போனோம் என்று தெரியாமல் திரும்பிய சிப்பாயின் துயரமும் உண்மை. போரை முடிவுசெய்தவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கை, போய்வந்த சிப்பாயிடம் கேட்கும் வழக்கம் எல்லா நாடுகளிலும் இருக்கிறது. போரைக் கண்டிப்பதும் வீரரின் காயத்தை ஆற்றுவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதை அமெரிக்கா கற்கப் பத்தாண்டு பிடித்தது. நாம் கற்றுவிட்டோமா என்பது எனக்கு ஐயமே.

உள்நாட்டுப் போர் முடிந்த 2009க்குப் பின் இலங்கையில் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களின் வழியாக வெளியே வந்தார்கள். தையலும் தச்சும் கணினியும் கற்று வந்தவர்களுக்கு, ஊரில் வேலைதர அஞ்சியவர்கள் இருந்தார்கள். படையினரின் கண்காணிப்பு ஒரு புறம், அயலாரின் சந்தேகம் மறுபுறம். பெண் போராளிகளுக்குத் திருமணப் பேச்சே தடைப்பட்டது. யாழ்ப்பாணத்து மனமருத்துவர் தயா சோமசுந்தரம் போருக்கு நடுவே இருந்து பணியாற்றியவர். தனி மனிதர் மட்டுமன்றிச் சமூகமே காயப்பட்டுக் கிடக்கிறது, உறவும் ஊர்க்கூட்டமும் சடங்கும் உயிர்பெறாமல் தனி மனிதரைக் குணப்படுத்த முடியாது என்பதை அவர் தொடர்ந்து எழுதிவருகிறார். தமிழில் சிந்திக்கும் எவரும் கவனிக்க வேண்டிய குரல் அது. எந்தக் கொடியின் கீழ் நின்றவராயினும், ஆயுதத்தைக் கீழே வைத்த மனிதருக்கு வாழ ஓர் இடம் வேண்டும்.

பொறுப்பைத் தருவது எப்படி என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் அருமையான முன்மாதிரி உண்டு. முசோரி மலைகளைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் தோலுரித்துவிட்டிருந்த காலம். 1982இல் கட்வால் பகுதியின் முன்னாள் படைவீரர்களைக் கொண்டு பிராந்தியப் படையில் ஒரு சூழலியல் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. 127ஆம் பட்டாலியன் அது. சீருடை உண்டு, கட்டுப்பாடு உண்டு, தோழமை உண்டு. கையில் துப்பாக்கிக்குப் பதிலாக மண்வெட்டி. தம் சொந்த மலையில் அவர்கள் தடுப்பணை கட்டினார்கள், சரிவுகளில் மரம் நட்டார்கள், நட்டதைக் காத்தார்கள். வெள்ளையாகக் கிடந்த மலை மீண்டும் பச்சையானது. ராஜஸ்தானத்தின் கால்வாய்க் கரைகள் உட்பட வேறு இடங்களுக்கும் அத்திட்டம் பரவியது. படைவீரருக்குத் தெரிந்த ஒழுங்கையும் கூட்டுழைப்பையும் அப்படியே எடுத்து, உயிரைக் காக்கும் வேலைக்குத் திருப்பிய திட்டம் இது.

தமிழ்நாட்டில் நாம் என்ன செய்கிறோம்? பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் நமக்கு நிறைய உண்டு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே ஊரார் அழைக்கிறார்கள். 15, 17 ஆண்டு சேவை முடித்து முப்பதுகளின் பிற்பகுதியில் வீடு திரும்பும் ஜவானுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, மருத்துவத்துக்கு 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது, மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் குலுக்குகிறார்கள். இவை எல்லாம் நல்லவை. ஆனால் அந்த மனிதருக்கு நம் சமூகம் தரும் வேலை பெரும்பாலும் வங்கி வாசலிலோ ஏ.டி.எம். அறையிலோ செக்யூரிட்டி நாற்காலி. எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் பனிமலையில் பாலம் கட்டியவர், சிக்னல்ஸில் தகவல் தொடர்பைக் காத்தவர், களத்தில் அடிபட்டவருக்கு முதலுதவி செய்தவர் எல்லாரும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார வேண்டியிருப்பது நாட்டுக்கு நட்டம். தன்னை நம்பி ஒரு செக்ஷன் இருந்த மனிதருக்கு, இனி யாருக்கும் நான் தேவையில்லை என்ற எண்ணம் வருவதே குண்டுக்கு அடுத்த அடி. ராணுவக் கேன்டீனில் வாங்கும் மதுப்பாட்டில் அந்த வெறுமையை நிரப்பத் தொடங்குவதைப் பல வீடுகள் பார்த்திருக்கின்றன. பேசாத அந்த மனிதரோடு வாழும் மனைவிமார் பேசவும் நமக்கு இடமில்லை.

இந்தக் கேள்வி இப்போது இன்னும் அவசரமாகிறது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே படையில் தொடர்வர். மற்றவர்கள் ஒரு தொகையோடு, ஓய்வூதியம் இல்லாமல், இருபதுகளின் முற்பாதியிலேயே வீடு திரும்புவார்கள். முதல் அணியினர் பயிற்சியில் சேர்ந்தது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும். அவர்கள் திரும்பும் காலம் வந்துவிட்டது. எல்லையில் நின்று, சிலர் தோழனை இழந்து, கல்லூரி முடிக்கும் வயதில் ஊருக்கு வரும் இந்த இளைஞர்களுக்கு நலத்துறைகளும் பல்கலைக்கழகங்களும் என்ன ஏற்பாடு வைத்திருக்கின்றன? இதற்கான விடை அவர்கள் ரயில் ஏறும் முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய மர்மம் இல்லை. ஒவ்வொரு மாவட்ட நல அலுவலகத்திலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர், முடிந்தால் முன்னாள் படைவீரர் ஒருவர், இருக்க வேண்டும். அவரிடம் போவது யார் கண்ணிலும் இழிவாகப் படாதபடி அந்த அறை அமைய வேண்டும். குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நாள் முழுதும் இயங்குகிறது. படையினருக்கென்று அதன் தனிப் பிரிவு 2023 இறுதியில் புணேயில் தொடங்கியிருக்கிறது. அந்த எண் ஒவ்வொரு கேன்டீன் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் வெள்ளமும் புயலும் சந்திக்கும் நம் கடலோர மாவட்டங்களில், பேரிடர் மீட்பில் முன்னாள் படைவீரர்களைத் தன்னார்வலராக மட்டும் அழைக்காமல் ஊதியமும் அதிகாரமும் கொடுத்து நிரந்தர அணிகளாக்க வேண்டும். காட்டையும் ஏரியையும் மீட்க, கட்வாலில் செய்ததைப் போன்ற சூழலியல் படைப்பிரிவு ஒன்று தமிழ்நாட்டுக்கும் வேண்டும். அக்னிவீரர்களுக்குக் கல்லூரியில் இடமும் கட்டணமும் உறுதியாக வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். சுதந்திர தினத்தில் கொடியேற்ற மட்டும் அவரை அழைக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊர் ஏரியின் பொறுப்பைக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரச் சொல்லுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அவராகச் சொல்ல வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். தூக்கமில்லை, கோபம் அடங்கவில்லை என்று தெரிந்தால் மருத்துவரிடம் துணைக்குப் போங்கள். போருக்குப் போகச் சொன்னது நாடு. அவரை முழுமனிதராக வீட்டுக்கு அழைத்துவருவதும் நாட்டின் கடன். அந்தக் கடனில் நம் ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது.